கண்ணுக்குள் காற்று

மதியம் தின்ற சோறு இறங்காமல் நெஞ்சுக்குழியிலேயே நிற்கிறது. நிற்கட்டும். குப்புறக் கிடக்கிறவளின் வயிற்றில் எந்தப் பக்கம் கீழே என்று அதற்கும் குழப்பமாகத்தான் இருக்கும். உடம்பு கட்டிலில், தலை கட்டிலுக்கு வெளியே, முகம் ஓர் ஓட்டைக்குள். கார் சீட் தைக்கிறவரிடம் சொல்லி வீட்டுக்காரர் செய்துகொண்டு வந்த மெத்தைத் துண்டு இது, நடுவில் இட்லித் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டியிருக்கிறது, இரண்டு முக்காலிகளுக்கு மேல் பாலம் போலப் போட்டிருக்கிறது. ரெக்சின் வாசனை. வேர்வை பட்டால் அது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கும்போது பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் முகத்தைத் தூக்கக் கூடாது. சாப்பிட, கக்கூஸ் போக, சொட்டு மருந்து விட, அவ்வளவுதான். அதற்கும் குனிந்த தலை நிமிராமல், புது மருமகளைப் போல நடக்க வேண்டும். இந்த வயதில். வலது கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறார்கள். காற்று என்றால் வாசலில் அடிக்கிற காற்று இல்லை, ஏதோ ஒரு வாயு, மெதுவாகக் கரையக்கூடியது. குனிந்திருந்தால் அந்தக் குமிழ் மேலே எழும்பிப் போய்க் கண்ணின் பின்சுவரில் ஒட்டி, பிரிந்து வந்த விழித்திரையைச் சுவரோடு அழுத்திக்கொள்ளும். போஸ்டர் ஒட்டுகிறவன் பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிற மாதிரி. அவனாவது ஒட்டிவிட்டு அடுத்த சுவருக்குப் போவான். எனக்கு அடுத்த சுவர் இல்லை. இடது கண் போய்விட்டது. அதில் இப்போது பகல் இரவு மட்டும்தான் தெரிகிறது, அதுவும் சன்னல் பக்கம் திரும்பினால். மிச்சம் இருப்பது இந்த ஒன்று, காற்று அடைத்தது, தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது.

தரை என்று சொல்கிறேன், தரை எங்கே தெரிகிறது. நடுவில் குமிழ், கறுப்பு விளிம்பு போட்ட ஒரு வட்டம், மூச்சு விட்டால்கூட ஆடுகிறது, நல்லெண்ணெய்ச் சொட்டு தண்ணீரில் ஆடுகிற மாதிரி. அதைச் சுற்றி ஓரத்தில் மட்டும் மங்கலாக மொசைக். யார் இந்த மொசைக்கைத் தேர்ந்தெடுத்தது? நான்தான். அழுக்குத் தெரியாது என்று சொல்லித் தேர்ந்தெடுத்தேன், இன்றைக்குத் தரையே தெரியவில்லை. ஆட்களையும் காலால்தான் தெரிந்துகொள்கிறேன், காலைக் காதால். வீட்டுக்காரர் செருப்பை இழுத்து இழுத்து நடப்பார், மோட்டார் கடையில் நாள் முழுக்க நின்ற கால். வேலைக்கு வருகிற பெண்ணுக்குக் கொலுசு. நங்கையாவுக்கு எதுவும் இல்லை. நங்கையா என்றால் வீட்டுக்காரரின் அக்கா, ரங்கநாயகி, என்னைப் பார்த்துக்கொள்ள என்று வந்து, என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர். மெட்டி கிடையாது, கொலுசு கிடையாது, வெறும் பாதம் மொசைக்கில் சப்பென்று ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். அவர் வீட்டுக்காரர், மாமா, தவறிப்போன நாளிலிருந்து அப்படி. அதோ, வருகிறது. சப், சப். தூங்குகிற மாதிரி இருந்துவிடலாமா? குப்புறக் கிடக்கிறவள் தூங்குகிறாளா முழித்திருக்கிறாளா என்று எவருக்கும் தெரியாது, இந்தக் கிடையில் இருக்கும் ஒரே சௌகரியம் அது. "ஏனம்மிணி, தூங்கறயா?" மூச்சை நீளமாக இழுத்து விட்டேன். "தூங்கறவ மூச்சு இப்புடி இருக்காது." சரி, இந்தச் சௌகரியமும் போயிற்று. "இல்லீங் நங்கையா, சொல்லுங்க." "ஞாயித்துக்கெழமைக்கு வண்டி சொல்லியாச்சு. பெரிய வண்டி. நீ பின்னால சீட்டு முழுக்கப் படுத்துக்கிட்டே வந்துரலாம், குப்புற." குப்புற என்று சொன்னதில் எவ்வளவு தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை. அந்த வார்த்தை இந்த வீட்டில் நாலு பக்கமிருந்தும் என் மேல் வந்து விழுகிறது. மலை மேலே கோத்தகிரியில், மகன் நவநீதனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீடு. மிருதுளா, நல்ல பெண், சிரித்தால் ஈறு தெரியும், அதை மறைக்காமல் சிரிக்கிறாள், அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தலையில் பூ வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பையனைப் பெற்றவள் போய்ப் பெண்ணின் தலையில் பூ வைத்தால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம், அதற்கு முன்னால் என்ன பேசியிருந்தாலும் அது வெறும் பேச்சு. அதுவும் பெண் வீட்டு விளக்குக்கு முன்னால் வைக்க வேண்டும். மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டபம் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். மெத்தைக்குள்ளிருந்து கேட்டதால் யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டேன். வீட்டுக்காரர் அவர்களிடம் பேசிவிட்டு வந்து, "அவிய ஊட்டு வழக்கமாம், விளக்க எடம் மாத்த மாட்டாங்களாமா" என்றார். விளக்கை இடம் மாற்ற மாட்டார்கள். என் கண்ணை மலை மேல் ஏற்றலாம். இந்த ஞாயிறு விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் பூ வைப்பதில்லை, ஆவணிவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் எவனாவது வந்து ஏதாவது சொல்லிக் கலைத்துவிடுவான் என்று நங்கையாவுக்குப் பயம். கல்யாணப் பேச்சு என்றால் பால் மாதிரி, அடுப்பை விட்டு நகர்ந்தால் பொங்கிவிடும் என்று நினைக்கிறவர். நகரவே மாட்டார். இப்போதுகூட நகரவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

மலை ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார், என்னிடம், இவரிடம், நவநீதனிடம் போனில். "காத்து முழுசாக் கரையற வரைக்கும் விமானம் கூடாது, ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை எதுவும் கூடாது. மேல போகப் போகக் கண்ணுக்குள்ள இருக்கற வாயு விரியும். கண்ணு விரியாது. அப்ப அழுத்தம் ஏறி உள்ள ரத்தம் ஓடறது நின்னுரும். வலி வரும், பார்வை அங்கயே போயிரும், திருப்பிக் கொண்டுவர முடியாது." இதற்கு மேல் எப்படிச் சொல்வது? படம் வரைந்தா காட்டுவது? வரைந்தும் காட்டினார். எனக்கு வரைந்து காட்ட வேண்டியதில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் அகஸ்டினா எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒப்பிக்க வைத்த பாடம்தான், அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு கூடும். பிரம்பு நுனியால் ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டு, "யூ, தாவ்மனி, ரிப்பீட்." தவமணி சிஸ்டர், தவமணி என்று எத்தனை தடவை திருத்தியிருப்பேன். சிஸ்டருக்குச் சாகும்வரை நான் தாவ்மனிதான். அந்தப் பாடத்தை எதற்குப் படித்தேன்? கல்யாணம் செய்து, தக்காளிச் சாதத்துக்கு எத்தனை விசில் என்று எண்ணுவதற்கு என்று நினைத்திருந்தேன். இல்லை, இதற்குத்தான். இவரிடம் சொன்னேன். இவர் யோசித்தார், யோசித்தால் நாக்கைச் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்கும். யோசித்துவிட்டுச் சொன்னார், "அப்ப கார்க் கண்ணாடிய நல்லா ஏத்தி உட்டுட்டு ஏசியப் போட்டுக்கலாம். வெளிக்காத்து உள்ள வந்தாத்தான?" முப்பது வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன். மோட்டார் பம்பு விற்கிறவர், அழுத்தம் அழுத்தம் என்று நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசுகிறவர், பெண்டாட்டி கண்ணுக்கு வந்தால் கார்க் கண்ணாடி. நங்கையா அதற்கும் மேல், "வாயுதான? பெருங்காயத்தப் போட்டு வெந்நித் தண்ணி குடிச்சா ஏப்பமாப் போயிருமில்ல?" சிரிப்பு வந்தது. சிரித்தேன். குமிழ் குலுங்கியது, பயந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். சிரிப்பதற்கும் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இடது கண்ணுக்குக் காற்று வைக்கவில்லை, எண்ணெய் வைத்தார்கள். அது வேறு டாக்டர், வேறு ஊர், வேறு முறை. எண்ணெய் வைத்தால் இவ்வளவு குனிந்து கிடக்க வேண்டாம், மலை ஏறலாம், எங்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி, வகுப்பில் சோடாபுட்டி என்றுதான் பெயர், இந்த மாதிரிக் கண்ணுக்கு விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்குமாம், எப்போது வேண்டுமானாலும் கிழியலாமாம். கிழிந்தது. எப்போது? நங்கையாவின் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம். முதலில் கொசு மாதிரி கறுப்புப் புள்ளிகள், கையால் விரட்டினேன். பிறகு பக்கவாட்டில் மின்னல். பிறகு கீழேயிருந்து ஒரு திரை, யாரோ பாவாடையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி, மெதுவாக மேலே வந்தது. இவரிடம் சொன்னேன். "தாய்மாமன் சீரு இருக்குதே தவமணி, தட்டெடுக்க நீ இல்லாட்டி எப்புடி? முடிச்சுட்டுப் போலாம்." நங்கையாவிடமும் சொன்னேன். "கல்யாண வேலைல கண்ணு இருட்டத்தான் செய்யும், கொஞ்சம் மோரு குடி." மோர் குடித்தேன். தட்டும் எடுத்தேன், வரிசையில் முதல் ஆளாக, தேங்காயும் பழமும் பட்டுச்சேலையும் வைத்த தட்டு, பாதி தட்டுத்தான் தெரிந்தது. போட்டோவில் பார்த்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், திமிர் பிடித்தவள் மாதிரி. மிச்சமிருந்த கண்ணால் வழி பார்த்தேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விழித்திரை நடுப்பகுதி வரைக்கும் பிரிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் அந்த டாக்டர், எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் அவர் சொன்னபோது நான் இவர் முகத்தைப் பார்த்தேன், இவர் காலண்டரைப் பார்த்தார். எண்ணெய் வைத்தார்கள். கொஞ்ச காலம் உலகம் முழுவதையும் ரசத்துக்கு மேல் மிதக்கிற எண்ணெய் வழியாகப் பார்த்தேன். பிறகு அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துளியாக உடைந்து முன்பக்கம் வந்து அடைத்துக்கொண்டது, கண்ணழுத்தம் ஏறியது, தலைவலி என்றால் தலைவலி, அம்மிக்கல்லைப் புருவத்துக்குள் திணித்த மாதிரி. எண்ணெயை எடுத்தார்கள். எடுத்ததும் விழித்திரை மறுபடி சுருண்டது. ஈரக் காகிதம் காய்ந்தால் சுருங்குமே, அந்த மாதிரி, தழும்பு இழுத்துவிட்டது என்றார்கள். இனிமேல் தொட்டுப் பிரயோசனமில்லை என்றார்கள். அந்த வார்த்தையை அவர்கள் ஆங்கிலத்தில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள், எனக்குப் புரியாது என்று. புரிந்தது. கான்வென்ட் படிப்பின் இரண்டாவது பயன்.

ஆக, ஒரு கண் சீர்த்தட்டுக்குப் போனது. இன்னொன்று பூவுக்கா? இதை உரக்கச் சொன்னால் கொடூரமாக இருக்கும். சொல்லவில்லை. நேற்று நவநீதன் பெங்களூரிலிருந்து போன் செய்தான், வேலைக்காரப் பெண் போனை என் முகத்துக்குக் கீழே தரையில் வைத்துவிட்டுப் போனாள், என் மகனின் குரல் மொசைக்கிலிருந்து வந்தது. "அம்மா, கண்ணு எப்படி இருக்கு?" "இருக்கு." "ஞாயித்துக்கெழமை பத்தி அப்பா சொன்னார். உன் இஷ்டம்மா. உனக்கு முடியலைன்னா வேண்டாம். மிருதுளா வீட்லதான் கொஞ்சம் சங்கடப்படுவாங்க. ஆனா உன் இஷ்டம்." உன் இஷ்டம். இந்த வார்த்தையை ஆண்பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? டாக்டர் சொல்லியிருக்கார், நீ வரக் கூடாதும்மா என்று ஒரு வாக்கியம், அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. என் இஷ்டம் என்று என் தலையில் வைத்துவிட்டால் நான் போனாலும் அவன் குற்றமில்லை, போகாவிட்டாலும் அவன் குற்றமில்லை. கெட்டவன் இல்லை. பாதி ராத்திரியில் காய்ச்சல் என்றால் ஓடி வருகிறவன்தான். ஆனால் அவனுக்கும் மனதின் ஒரு மூலையில், ஒன்றும் ஆகாது என்று தோன்றுகிறது, அது குரலில் தெரிந்தது. ஒன்றும் ஆகாது. இவருக்கும் அதுதான் தோன்றுகிறது. நங்கையாவுக்குத் தெரிந்த யாரோ ஒருத்தருக்குக் கண் ஆபரேஷன் ஆகி மறுவாரமே ஊட்டிக்குப் போய் வந்தாராம், கல்லு மாதிரி இருக்கிறாராம். என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். புரை எடுத்தாராம். புரை எடுத்ததும் இதுவும் ஒன்றா? கண் என்றால் ஒரே கண்தானே, அதற்குள் எத்தனை அறை இருக்கிறது என்று இவர்களுக்கு என்ன.

உண்மையைச் சொன்னால், எனக்கும் சில நேரம் தோன்றுகிறது. ஒன்றும் ஆகாது என்று. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாரும் அறையை விட்டுப் போய்விடுவார்கள், வண்டி வரும், பின் சீட்டில் கிடப்பேன், வளைவு வளைவாக ஏறும், மேட்டுப்பாளையம் தாண்டியதும் யூகலிப்டஸ் வாசனை வரும், காது அடைக்கும், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன். வலி வந்தால் சொல்வேனா? இறக்குங்கள், திருப்புங்கள் என்று கத்துவேனா? மாட்டேன். அதுதான் எனக்குப் பயம். காற்று இல்லை, மலை இல்லை, என்னைத்தான் பயம். இன்னும் நாலு வளைவுதானே, வந்ததே வந்துவிட்டோம், அந்தப் பெண் குளித்துத் தயாராகி உட்கார்ந்திருப்பாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். கையில் பாதித் தட்டு தெரியாமல் சிரித்தவள்தானே. அப்புறம் விளக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள், விளக்கு தெரியாது, தலை எங்கே என்று தடவித்தான் பூ வைப்பேன், வைத்துவிட்டும் சிரிப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து உப்பு எது சர்க்கரை எது என்று விரலால் தெரிந்துகொள்ள வேண்டும். அதை இப்போதே செய்து பார்த்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், யாரும் இல்லாதபோது, கண்ணைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டில் நின்றேன். உப்பு கண்டுபிடித்தேன். கடுகு கண்டுபிடித்தேன். சீரகமும் சோம்பும் குழப்பிவிட்டேன், மோந்து பார்த்துத்தான் தெரிந்தது. அடுப்பைப் பற்ற வைக்கக் கை வரவில்லை. அங்கேயே நின்று அழுதேன் என்று சொல்ல மாட்டேன், கோபம்தான் வந்தது, இத்தனை வருஷம் பழகின அடுப்பு, ஒரு துணியைக் கண்ணில் கட்டியதும் யாரோ அந்நியன் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. முறைத்ததா என்றும் தெரியவில்லை, அதுதான் விஷயம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. கழுத்து ஒரு இடத்தில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது, மார்பு அழுந்துகிறது, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துடைக்கக் கையைக் கொண்டுவர வேண்டும், கை மரத்துக் கிடக்கிறது. ஆளை அடித்துப்போடுவது வியாதி இல்லை, பதில் சொல்வது. முடியாது என்பதை எத்தனை தடவை, எத்தனை பேருக்கு, எத்தனை விதமாகச் சொல்வது? சரி என்றால் ஒரு தடவை சொன்னால் போதும். அதனால்தான் உலகத்தில் இத்தனை பெண்கள் சரி என்று சொல்லிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

காப்பி வாசனை. நங்கையா எப்போது போனார், எப்போது திரும்பி வந்தார்? தூங்கிவிட்டேனா? டம்ளரில் குழல் போட்டு மெத்தைக்குக் கீழே நீட்டினார், கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சினேன். சர்க்கரை தூக்கல். நங்கையா கையால் எதுவும் தூக்கல்தான். அவர் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார் போல. கையைத் தடவினார். பாசம் என்று நினைத்தேன், இல்லை, மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கண்ணில் வாயு இருக்கிறது, விமானமும் மலையும் கூடாது, மயக்க மருந்து கொடுக்கிறவர்கள் கவனிக்கவும் என்று எழுதின பட்டை. "இதக் கத்திரிச்சுரலாமா அம்மிணி? பூ வைக்கைல போட்டோ எடுப்பாங்க, கையில இதப் பாத்தா அவிய ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்னமோ ஏதோன்னு பேசும். வளையலு போட்டா மறையாது, பட்டையா இருக்குது." கையை இழுத்துக்கொண்டேன். "வேண்டாமுங்க." "உனக்காவவா சொல்றேன்? பையனுக்காவத்தான் சொல்றேன். உன்ற கையால பூ வச்சாத்தான அவுனுக்கு நல்லா இருக்கும். பெத்தவ கை." "நங்கையா, நான் வரலை." "வரலைன்னா?" "வரலைன்னா வரலைங்க. டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல." "டாக்டரு ஆயிரஞ் சொல்லுவாங்க. பயமுறுத்தாட்டி அவிய பொழப்பு எப்புடி ஓடும்? அப்ப பூவ ஆரு வைக்கறது, காக்காயா?"

அப்போதுதான் வந்தது. யோசித்து வைத்திருக்கவில்லை. யோசித்திருந்தால் நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன். "நீங்க வைங்க." "எத?" "பூவங்க. மிருதுளா தலைல. நீங்க போய் வச்சுட்டு வாங்க."   குமிழ் ஆடி, ஆடி, நின்றது. கட்டில் லேசாகத் தூக்கிக் கொடுத்தது, எழுந்துவிட்டார். "வாயக் கழுவு மொதல்ல. நல்ல காரியம் பேசற எடத்துல பேசற பேச்சா இது? தாலிய எறக்குன கையி. இந்தக் கையால நாம் போயி ஒரு சின்னப் புள்ள தலைல..." இரண்டு கையையும் சேலையில் துடைக்கிற சத்தம். "மாமா போனதுல இருந்து ஒரு பந்தக்கால் பக்கத்துல போயி நின்னிருப்பனா? என்ற மக வளைகாப்புக்கே சமையக்கட்டுல ஒக்காந்துட்டு வந்தவ. எகத்தாளம் பண்றயா தவமணி?" "எகத்தாளம் பண்ணக்கூடத் தெம்பு இல்லீங்க. நவநீதன் பொறந்தப்ப எனக்கு மஞ்சக்காமாலை. மூணு மாசம் அவனக் குளிக்க வச்சுப் பாலு குடுத்துத் தூங்க வச்சது ஆரு? இந்தக் கைதான. அப்பல்லாம் நல்லாத்தான இருந்துச்சு. அதுக்கப்புறம் அழுகியா போச்சு?" "அப்ப மாமா இருந்தாரு." "இப்ப எனக்குக் கண்ணு இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு."

பாசத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சீர்திருத்தம் பேசுகிற ஆளும் நான் இல்லை. நெற்றியில் பொட்டு இல்லாமல் ஒருத்தி எதிரில் வந்தால் பெண்பிள்ளைகளுக்கு மனதுக்குள் ஒரு சின்ன முள் குத்தும், அது எனக்கும் குத்தியிருக்கிறது, நங்கையாவைப் பார்த்தே குத்தியிருக்கிறது, மறைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். என் கண் எனக்கு வேண்டும். அதற்கு ஒரு கை தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்த கை அது. ஆனால் சொன்ன பிறகு பார்த்தால், அது சரியாகத்தான் பட்டது, சாவி தேடிக்கொண்டே இருக்கும்போது கதவு தானே திறந்திருந்த மாதிரி. சப், சப். அறையை விட்டுப் போகிறார். சமையல்கட்டில் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார், பிறகு தம்பி கடையிலிருந்து வந்ததும் அவரிடம் அழுவார், இவர் வந்து என் தலைக்கு மேல் நின்று நாக்கைச் சப்புக்கொட்டுவார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். காலடி கதவிடம் நின்றது. நின்றபடியே இருந்தது. வேலைக்காரப் பெண் எங்கோ துணி உதறினாள். பிறகு கதவைச் சாத்துகிற சத்தம், உள்பக்கமாக. சப், சப், திரும்பி வருகிறது, மெதுவாக, பூனைக்குப் பயந்த எலி மாதிரி. முழங்கால் மூட்டு சொடக்கு விட்டது. மூச்சு. முனகல். சேலை மொசைக்கில் உரசியது. என்ன செய்கிறார் இந்த மனுஷி? குமிழின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நகர்ந்து வந்து, முக்காலிகளுக்கு நடுவில் நுழைந்து, என் முகத்துக்கு நேர் கீழே வந்தது.

தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். எழுபதை எட்டுகிற பெண்பிள்ளை. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி, என் மூக்கில் முட்டுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுவந்தார். காற்று வழியாகப் பார்க்கும்போது தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது, மூக்கை ஒட்டினது மட்டும் ஊசி முனை மாதிரித் துல்லியமாகத் தெரியும், அதை டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், மாத்திரை அட்டையைத் தவிர வேறெதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. இப்போது நங்கையாவின் புருவம் தெரிந்தது, அதில் மூன்று நரை. மூக்குத்தி எடுத்த ஓட்டை, தூர்ந்துபோனது. நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் தோல் இன்னும் ஒரு மாற்று வெளுப்பாக இருக்கிறது. கண் கலங்கவில்லை. பயந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லையா? கதவு சாத்தியிருந்தும் அவர் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

"அவிய ஒத்துக்குவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. விளக்கை இடம் மாற்றாதவர்கள். "கேட்டாத்தான தெரியும். மாட்டோம்னா ஆவணி வரைக்கும் காத்திருக்கட்டும், அப்பக் காத்துக் கரஞ்சிருக்கும், நானே வர்றேன்." "தம்பி என்ன சொல்லுவான்?" "அவரு வர்றதுக்குள்ள கேட்ரலாமுங்க."  "இப்பவேவா?" "இப்பவே. சம்பந்தியம்மா நம்பரப் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க, நான் பேசறேன். நீங்க பேசாதீங்க, கெடுத்துருவீங்க." ஒரு கை போய் எங்கோ துழாவி, போன் வந்தது. படுத்தபடியே, கையை நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பிறகு அதைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கோத்தகிரியில் மணி அடிக்கத் தொடங்கியது. நங்கையா எழுந்திருக்கவில்லை.